அட்டையில் அம்மாவுக்கும் ஒரு கட்டம்

மகளுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. அவள் எடையை அட்டையில் எழுதினார்கள். என் சர்க்கரையை யாரும் கேட்கவில்லை. கர்ப்பத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டவள் நான். "பிள்ளை பிறந்தா சரியாயிடும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் நானாகவே ஆய்வகத்துக்குப் போய், வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்தேன். தொண்டையை அடைக்கும் தித்திப்பு. இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 162. 140-ஐத் தொட்டாலே எச்சரிக்கை.

அம்மாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை. அந்த மரபணுவை மாற்ற முடியாது, எடையை மாற்றலாம். அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், என்னைப் போன்ற பெண்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும் நோய் வரும் வாய்ப்பைச் சுமார் பாதியாகக் குறைத்தன. நெய்யும் கருப்பட்டியுமாக ஊட்டிய அம்மாவிடம் மன்றாடி, பத்து மாதத்தில் 6 கிலோ குறைத்தேன்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தாயின் சர்க்கரை அளவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பிள்ளைக்கு ஊசி போட எப்படியும் ஆறாவது வாரத்தில் அவள் வருவாள்.