ஒரே அணி, ஒரே வளைவு



சென்ற ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து வீடு வந்து சேர்ந்த சற்று நேரத்தில், முடிச்சூரிலிருந்து நமக்கு ஓர் அழைப்பு வந்தது. வெளிவட்டச் சாலையை ஒட்டிய சேவைச் சாலையில் இரண்டு பைக்குகள் மோதிக்கொண்டன என்றும், ஒரு பையனைத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். எதிரே லாரி வரவில்லை. குறுக்கே மாடும் வரவில்லை. மோதிக்கொண்ட இருவரும் உடன்பிறந்த இருவரின் பிள்ளைகள். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரு வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரே மதரஸாவில் ஓதியவர்கள். ஒரே மாதத்தில் பைக் வாங்கியவர்கள். பெரியவனை முந்துவதற்காகச் சிறியவன் வளைவின் உட்புறம் நுழைந்தான். பெரியவன் இடம் விடவில்லை. கைப்பிடிகள் ஒன்றோடொன்று சிக்கின. சிறியவனுக்குத் தொடை எலும்பு முறிந்து தகடு வைக்க நேர்ந்தது. பெரியவன் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினான். உயிர்கள் மிஞ்சின, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அவ்விருவரையும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு முதன்முதலில் அழைத்துச் சென்றவர்கள் நாமே. வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் அதிக நேரம் ஆகாது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திய பிறகு, 1990-இல் இந்தத் தடத்தைத் திறந்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடியபோதும் அவ்விருவரோடு நாம் சென்றிருந்தோம். பந்தயம் தன்னளவில் வெறுக்கத்தக்கது என்று நாம் கருதியதில்லை, இன்றும் கருதவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதையும் அதில் இப்னு உமர் (ரலி) அவர்கள் கலந்துகொண்டதையும் ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். ஆனால் தடத்தில் ஓடுவது வேறு, சேவைச் சாலையில் ஓடுவது வேறு என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்லாமல் விட்டோம்.

விபத்துக்குப் பிறகு இரு வீட்டாரும் கேட்ட கேள்வி ஒன்றே: தவறு எவனுடையது? மோட்டார் பந்தய உலகம் ஒரே அணியின் இரு ஓட்டுநர்கள் மோதும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. அது பெரும்பாலும் பிழையான கேள்வி என்பதே நம் கருத்து.

ஃபார்முலா ஒன் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள். மற்ற அணிக்காரனிடம் தோற்றவன் அவனுடைய எஞ்சின் நல்லது, டயர் நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம். தன் அணியின் அடுத்த காரில் இருப்பவனிடம் தோற்றவனுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. கார் ஒன்று, பொறியாளர்கள் ஒரே கூடாரத்தவர். ஆகவே ஓர் ஓட்டுநரை உலகம் முதலில் அளப்பது அவனுடைய அணித் தோழனை வைத்துத்தான். ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளையும் நாம் அப்படித்தான் அளக்கிறோம். அடுத்த தெருப் பையன் நீட் தேர்வில் வென்றால் நமக்கு வியப்பு; சின்னத்தா மகன் வென்றால் நம் பிள்ளைக்கு அன்றிரவு சோறு இறங்காது.

இந்தியக் கொடியின் கீழ் ஓடிய ஃபார்முலா ஒன் அணி ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் தாமே கார் ஓட்டிய விஜய் மல்லையா, பங்காளி ஒருவரோடு சேர்ந்து ஓர் அணியை வாங்கி, 2008 முதல் ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயரில் ஓடவிட்டார். அணியின் பட்டறை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இருந்தது. மல்லையாவின் கடன் விவகாரம் ஊரறிந்தது. அது இங்கே நம் பேச்சன்று. குறைந்த பணத்தில் பெரிய அணிகளைத் துரத்திய அந்தக் கூட்டம் 2016-இலும் 2017-இலும் அணிகளின் பட்டியலில் நான்காம் இடம் பிடித்தது. 2017-இல் அதன் ஓட்டுநர்கள் இருவர். ஒருவர் மெக்ஸிகோவின் செர்ஜியோ பெரெஸ், அனுபவசாலி. மற்றவர் பிரான்ஸின் எஸ்தெபான் ஓகோன், இருபது வயது இளைஞர். ஓகோனின் தந்தை வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். மகனின் பந்தயச் செலவுக்காக வீட்டை விற்றுவிட்டு, குடும்பத்தோடு வண்டிவீடு ஒன்றில் குடியிருந்தவர்.

அந்த ஜூன் மாதம் கனடாவில் முதல் உரசல் வந்தது. கார்கள் உரசவில்லை, சொற்கள் உரசின. முன்னே சென்ற ரிக்கியார்டோவைப் பிடிக்கப் பெரெஸால் முடியவில்லை. புதிய டயரோடு பின்னால் வந்த ஓகோனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று அணி வானொலியில் கேட்டது. பெரெஸ் மறுத்தார். அணி கேட்டதே தவிர, கட்டளையிடவில்லை. கடைசியில் வெட்டல் இருவரையும் முந்திச் சென்றார். பெரெஸ் ஐந்தாவது, ஓகோன் ஆறாவது.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, பாக்கு நகரத் தெருக்களில் பந்தயம். பெரிய அணிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறிய நாள் அது. பாதுகாப்பு கார் விலகிப் பந்தயம் மீண்டும் தொடங்கியதும், இரண்டாம் வளைவில் ஓகோன் நெருக்க, பெரெஸின் கார் சுவரில் உராய்ந்து சிதைந்தது. அன்று வென்றவர் பத்தாம் இடத்திலிருந்து புறப்பட்ட ரிக்கியார்டோ. மூன்றாம் இடம் பெற்றவர் வில்லியம்ஸ் அணியின் பதினெட்டு வயது லான்ஸ் ஸ்ட்ரோல். ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயரில் அந்த அணி ஒரு பந்தயத்தைக்கூட வென்றதில்லை. வெல்ல வாய்த்த நல்ல நாட்களுள் அது ஒன்று என்று பலரும் கருதினர்.

அதற்குப் பிறகாவது அணி நிர்வாகம் உறுதியான வார்த்தை ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். பேசினார்கள்தான். ஆயினும் தொடர்ந்து போட்டியிடுங்கள், மோதிக்கொள்ளாதீர்கள் என்ற அளவிலேயே பேச்சு நின்றது. ஆகஸ்ட் 27 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் முதல் சுற்றிலேயே இருவரும் உரசிக்கொண்டனர். பிற்பகுதியில், அதே இறக்கத்தில், மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் மறுபடியும் மோதினர். பெரெஸின் டயர் வெடித்தது. ஓகோனின் முன் இறக்கை உடைந்தது. தம்மைக் கொல்லப் பார்த்தார் என்று சமூக வலைத்தளத்தில் ஓகோன் குமுறினார். முதல் மோதலுக்குத் தாமே பொறுப்பென்று பெரெஸ் மன்னிப்புக் கேட்டார். அன்றுதான் மல்லையாவின் அணி, இனி ஒருவரோடொருவர் போட்டியிடக் கூடாது என்று கட்டளை பிறப்பித்தது.

கனடாவில் சொல்லியிருக்க வேண்டிய சொல் பெல்ஜியத்தில் வந்து சேர்ந்தது. இரு ஓட்டுநரும் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பாக்குவில் ஓகோன் அவசரப்பட்டார். ஸ்பாவில் பெரெஸ் சுவரோரமாக ஒடுக்கினார். ஆனால் முந்தத் துடிப்பது ஓட்டுநரின் தொழில். எங்கே முந்தலாம், எங்கே கூடாது என்று வரையறுப்பது அணியை நடத்துபவரின் தொழில்.

தெளிவில்லாத சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய முன்னுதாரணம் இருக்கிறது. 1982 ஏப்ரல் 25, இத்தாலியின் இமோலா. முதலிரண்டு இடங்களில் ஃபெராரி அணியின் இரு கார்கள்: ஷீல் வில்நெவ், டிடியே பிரோனி. அணியினர் தடத்தோரத்தில் ‘மெதுவாக’ என்று ஒரு பலகை காட்டினர். இப்போதிருக்கும் வரிசையிலேயே முடியுங்கள் என்று வில்நெவ் அதைப் படித்தார். காரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுங்கள், அவ்வளவுதான் என்று பிரோனி படித்தார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்தி வென்றார். நண்பரால் வஞ்சிக்கப்பட்டதாக எண்ணிய வில்நெவ், இனி அவரோடு பேசுவதில்லை என்றார். பதின்மூன்று நாள் கழித்து, மே 8 அன்று, பெல்ஜியத்தின் சோல்டர் தடத்தில் தகுதிச் சுற்றில் வில்நெவ் மாண்டார். பேசாமலே போனார்.

மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனிடம் முகம் திருப்பியிருப்பது ஆகாது என்ற நபிமொழியை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த எல்லை ஏன் அவ்வளவு குறுகியது என்பது இந்தப் பதின்மூன்று நாள் கணக்கைப் படித்தபோதுதான் நமக்கு உறைத்தது.

பிரோனியின் கதையும் நெடுநாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் நடந்த விபத்தில் கால்கள் நொறுங்கின. 1987-இல் விசைப்படகுப் பந்தயத்தில் இறந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய துணைவிக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. அவர் வைத்த பெயர்கள்: டிடியே, ஷீல்.

‘அப்படியானால் ஒருவனை எப்போதும் விட்டுக்கொடுக்கச் சொல்லிவிடலாமே’ என்று சிலர் கேட்கக்கூடும். அதையும் ஃபெராரி செய்து பார்த்தது. 2002 மே மாதம் ஆஸ்திரியாவில், பந்தயம் முழுவதும் முன்னே ஓடிய பாரிக்கெல்லோ, கட்டளைக்குப் பணிந்து எல்லைக்கோட்டருகே வேகம் குறைத்து ஷூமாக்கரை வெல்லவிட்டார். அரங்கமே கூச்சலிட்டு இகழ்ந்தது. அடுத்த ஆண்டு முதல் சில காலம் இத்தகைய கட்டளைகளுக்கே தடை வந்தது. தெளிவு வேறு, ஓரவஞ்சனை வேறு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கிவிட்டு, அதற்குச் சாட்சியாக நிற்கக் கோரிய தந்தையிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், இல்லை என்றதும் சாட்சியாக நிற்க மறுத்ததும் நாம் அறிந்த செய்தியே.

நம் தெருவுக்கு வருவோம். அந்த இரு பையன்களும் இரவில் வெளிவட்டச் சாலைப் பக்கம் போகிறார்கள் என்பது இரு தகப்பன்மாருக்கும் தெரியும். ‘பார்த்துப் போங்கப்பா’ என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொன்னதில்லை. இமோலாவின் பலகையைப் போல அந்தச் சொல்லையும் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்; போகாதே என்று மட்டும் படிக்க முடியாது. இதைவிட மோசமானது மற்றொன்று. பெரியவன் பொறியியலில் அரியர் வைத்ததும், சிறியவன் சி.ஏ. தேர்வின் முதல் கட்டத்தில் தேறியதும், பெருநாள் விருந்தில் பத்துப் பேர் முன்னிலையில் ஒப்பிட்டுப் பேசப்பட்டன. அப்போது நாமும் அந்த ஸஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். சிரிக்கவும் செய்தோம். பைக்கில் மட்டுமே பெரியவன் முன்னே இருந்தான். அந்த ஓர் இடத்தையும் அவன் எப்படி விட்டுக்கொடுப்பான்?

இப்போது அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்வதில்லை. பள்ளிவாசலில் ஒருவர் முன் ஸஃப்பின் வலக்கோடியில் நின்றால் மற்றவர் பின் ஸஃப்பின் இடக்கோடியில் நிற்கிறார். அறுவை சிகிச்சைச் செலவில் யார் எவ்வளவு தருவது என்பது வாய்த்தகராறாகி, ஜமாஅத் பெரியவர்கள் வரை போயிற்று. பெருநாளன்று சுவருக்கு மேலாகக் கைமாறும் பிரியாணிச் சட்டி இவ்வாண்டு கைமாறவில்லை.

ஃபோர்ஸ் இந்தியாவுக்குப் பின்னர் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். 2018 ஜூலையில் அணி கடனில் மூழ்கியபோது, நானூறு ஊழியர்களின் வேலையைக் காப்பாற்றுவதற்காகத் தாமே வழக்குத் தொடுத்து அணியை நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தவர் பெரெஸ். லான்ஸ் ஸ்ட்ரோலின் தந்தை அணியை வாங்கினார். மகனுக்கு இடம் கிடைத்தது. ஓகோன் அடுத்த ஆண்டு ஓட்டக் காரில்லாமல் நின்றார். 2020 டிசம்பர் 6 அன்று பஹ்ரைனில், முதல் சுற்றில் இடிபட்டுக் கடைசிக்குப் போன பெரெஸ், ஒவ்வொருவராகத் தாண்டி வந்து தம் வாழ்வின் முதல் வெற்றியைப் பெற்றார். இரண்டாம் படியில், வேறோர் அணியின் உடையில், தம் வாழ்வின் முதல் பரிசுமேடையில் நின்றவர் ஓகோன். மூன்றாம் படியில் ஸ்ட்ரோல்.

அந்தக் காணொளியைச் சிறியவன்தான் நமக்குக் காட்டினான். ஊன்றுகோலைக் கட்டிலோரம் சாய்த்துவிட்டு, கைப்பேசியை நீட்டினான். மணி ஐந்தாகப் போகிறது, பிசியோதெரபிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சட்டை மாற்றினான். யாரோடு போகிறாய் என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை. பின்கட்டுக் கதவருகே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, ஒரு கையில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மறுகையால் அவனைத் தாங்கினான். இரண்டு மாதமாக இப்படித்தான் போய்வருகிறார்களாம். முன்வாசலில் செய்தித்தாளை விரித்திருந்த தகப்பனார் தலை நிமிரவில்லை. மதிலுக்கு அப்பால் அவருடைய அண்ணன் இருமும் சத்தம் கேட்டது.