புல்லுக்கும் நிதி திரட்டுவோம்

தோழர்களே,

போன கூட்டத்துல "நீலகிரியில ஆளுக்கொரு மரம்"னு நிதி திரட்டலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. நான் வேணாம்னு சொன்னேன். மரம் நடுறதுக்குப் போய் எதிர்ப்பான்னு சிலர் சிரிச்சாங்க. அன்னைக்கு நேரம் இல்ல, அதனால காரணத்தை இங்கே எழுதுறேன்.

நீலகிரியின் உச்சிப் பகுதி முழுக்கக் காடாக இருந்ததில்லை. பள்ளங்களில் சோலை, சரிவுகளில் புல்வெளி என்று இரண்டும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தே இருந்தன. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். தோடர்களின் எருமைகளுக்கும் அதுதான் மேய்ச்சல் நிலம். ஆங்கிலேயர்கள் அதைத் தரிசு என்று எழுதி வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம்ம அரசும் அதையே தொடர்ந்தது. தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்கு யூகலிப்டஸ். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

சரி, மரத்தை வெட்டிட்டா புல் வந்துடுமா? வராது. சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும். வெட்டி வெயில் பட்டதும் கூட்டங்கூட்டமா முளைக்கும். வருஷா வருஷம் கையால பிடுங்கணும். நாட்டுப் புல்லை நாற்றங்கால்ல வளர்த்து நடணும். சில இடத்துல சீகை நிழல்லயே சோலைக் கன்றுகள் வந்திருக்கு, அங்கே வெட்டவே கூடாது. அதனால மிச்சமிருக்கிற புல்வெளியைக் காப்பாத்துறதுதான் முதல் வேலை.

இதையெல்லாம் யார் செய்யுறது, யார் முடிவெடுக்குறது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தரத்தான் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்தபோது, வேலையும் வீடும் போய்விடும் என்று தொழிலாளர்கள் போராடினார்கள். அது புல்வெளிப் பிரச்சினை இல்லைதான். ஆனால் இயற்கையை மீட்கிறோம் என்ற பெயரில் உழைப்பவர் வயிற்றில் அடிக்க முடியும் என்பதை அது காட்டியது.

புல்வெளி மீட்பு பல வருட உடலுழைப்பு. அதை மலை மக்களுக்கு முறையான கூலியுள்ள நிரந்தர வேலையாகக் கேட்போம். எங்கே பிடுங்குவது, எங்கே விடுவது என்பதில் 2006 வன உரிமைச் சட்டப்படி தோடர்களின் கிராம சபை பேசட்டும்.

நிதி திரட்டவே வேணாம்னு நான் சொல்லல. மரத்துக்குப் பதிலா புல் நாற்றங்காலுக்கும் சீகை பிடுங்குறவங்க கூலிக்கும் திரட்டுவோம். போட்டோ எடுத்துப் போட்டா வெறும் புல்லாத்தான் தெரியும், பரவாயில்ல. அடுத்த கூட்டத்துல இதை வாக்கெடுப்புக்கு வைக்கிறேன். மறுப்பு இருந்தா அங்கே வந்து சொல்லுங்க.

தோழமையுடன்.