மழை தராத மேகம்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூரைக் கடந்த சிறிது நேரத்தில் மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. பெருமழையால் பொங்கிய வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். இந்நிகழ்ச்சியை நினைவுகூரும்போதெல்லாம் நாம் சாஸ்திரியாரின் பெருந்தன்மையைப் பேசுகிறோம்; பேசவேண்டியதுதான். ஆனால் அன்பர்களே, நாம் பேசாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. மருதையாறு பச்சைமலைப் பக்கத்தில் தோன்றிப் பெரம்பலூர்ச் சீமை வழியாக அரியலூருக்கு வருவது. மேட்டில் பெய்த மழை பள்ளத்தில் வெள்ளமாவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அந்தச் சில மணி நேரத்தில் மேட்டின் செய்தி பாலத்தை வந்தடைந்திருந்தால்?

இன்று அத்தகைய செய்திகளைச் சுமப்பதற்கு ஓர் ஏற்பாடு தோன்றியுள்ளது. அதற்கு ‘மேகக் கணிமை’ என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. இந்த மேகம் வானத்தில் இல்லை, மழையும் தராது. நம் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். அது அந்தந்தப் பங்கின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. மகனுக்கு அயலூரில் திருமணம் நிச்சயமானால் சான்றிதழுக்காகத் தந்தை பேருந்து ஏறவேண்டும். எல்லாப் பங்குகளின் பதிவேடுகளும் ஒரு பெரிய மாளிகையில் ஒரே முறையில் எழுதப்பட்டு, உரிமையுள்ளவர் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றால் எப்படியிருக்கும்? அவ்வாறே உலகின் மழை, வெப்பம், காற்று பற்றிய கணக்குகளை மாபெரும் கணினிக் கூடங்களில் வைத்து, கணக்கிடும் வேலையையும் அங்கேயே செய்துகொள்வதுதான் மேகக் கணிமை.

இதனால் உழவனுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். சிறு கணினி வைத்திருப்பவனும் பெருங்கணினியின் பயனைப் பெறலாம் என்பது ஒன்று. பகிர்ந்துகொள்ளாத நாடு தன் வானத்தைக்கூடத் தானே அறிய இயலாது என்பது அதனினும் பெரிது. வேப்பந்தட்டையில் நாளை பெய்யும் மழை இன்று வங்கக் கடலின்மேல் எங்கோ உருவாகிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 1875-இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பிறநாட்டுத் துறைகளும், அரசுகள் தம்முள் பகைத்திருந்த காலத்திலும், வானிலைக் கணக்குகளை ஒருவருக்கொருவர் அளித்து வந்தன. ஐரோப்பிய வானிலை மையம் 1940 முதற்கொண்டு உலகின் வானிலையை மணிக்கு மணி தொகுத்து யாவர்க்கும் இலவசமாகத் திறந்து வைத்துள்ளது. அத்தொகுப்பைப் பயின்ற புதுவகைக் கணினி முறைகளைக் கொண்டு, 2025-இல் நம் நடுவண் வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் உழவர்களுக்குப் பருவமழை தொடங்கும் காலத்தைக் கைப்பேசிச் செய்தியாக முன்கூட்டியே அனுப்பியது. முன்னதாகத் தொடங்கிய மழை இடையே நின்றுவிடும் என்பதையும் அச்செய்தி சரியாகக் கூறிற்று. அது தென்மேற்குப் பருவத்திற்கான முயற்சி. வடகிழக்குப் பருவத்தை நம்பிக் கரிசல் நிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் விதைக்கும் பெரம்பலூர் உழவனுக்கும் அதே கேள்விதான்: முதல் மழைக்கு விதைப்பதா, அடுத்த மழைக்குக் காத்திருப்பதா? தவறினால் விதையும் உழவுக் கூலியும் மண்ணோடு போயின. காலநிலை மாறி மழை நாள்கள் தடுமாறும் இக்காலத்தில், பாட்டனாரின் நாள்கணக்கு மட்டும் போதவில்லை.

படைப்புழுவை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் நம் இரு மாவட்டங்களின் மக்காச்சோளத்தையும் சூறையாடிவிட்டது. ஆப்பிரிக்காவில் அது 2016-லேயே பரவத் தொடங்கியிருந்தது. உழவர் தம் வயலில் கண்ட புழுவின் எண்ணிக்கையைக் கைப்பேசியில் பதிந்தால் உலக வரைபடத்தில் தோன்றும்படியான ஏற்பாட்டை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2018-இல் செய்தது. புழு நாடுவிட்டு நாடு தாண்டும்போது, அதைப் பற்றிய செய்தி புழுவுக்கு முந்திச் செல்லவேண்டாமா!

அரியலூருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு காலத்தில் அங்குக் கடல் இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்றைய சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிக்கும் நிலக்கரியின் புகை வேறு. எரிபொருளை மாற்றினாலும் கல்லுக்குள் அடங்கிய வாயு வெளிவந்தே தீரும் என்பதால், உலகெங்கும் சிமெண்டுத் தொழில் இடர்ப்படுகிறது. ஆலைகளின் புகைபோக்கிக் கருவிகள் தூசி முதலியவற்றின் அளவை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திற்கு இடையறாது அனுப்பவேண்டும் என்ற விதி 2014 முதல் உள்ளது. 2025 அக்டோபரில் நடுவண் அரசு, சிமெண்டு உள்ளிட்ட சில தொழில்களுக்குக் கரியமில வாயு இலக்குகளையும் விதித்துள்ளது. இக்கணக்குகள் ஆலைக்கும் அரசுக்கும் இடையே மட்டும் நின்றுவிடலாகாது. சுண்ணாம்புச் சுரங்கத்தின் அருகே வாழ்பவர்கள் எளிய தமிழில் படித்தறியும்படி ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்படும் நாளே அது உண்மையான பகிர்வு என்பேன்.

மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. இந்த ‘மேகம்’ மின்சாரத்தை உண்பது. உலக மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கை 2024-இல் கணினிக் கூடங்கள் செலவிட்டன எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்தது. அவற்றுள் பலவற்றைக் குளிர்விக்க நீரும் வேண்டும். வெள்ளச் செய்தியைச் சேமிக்கும் கூடமும் வேடிக்கைப் படங்களைச் சேமிக்கும் கூடமும் ஒன்றே. எதற்காக அதிகம் எரிக்கிறோம் என்பதை நம் பிள்ளைகளின் கைப்பேசிகளே சொல்லும். மேலும், உழவன் தன் நிலத்தைப் பற்றித் தந்த விவரம் அவனைக் கேளாமலே வணிகருக்குப் போகலாம். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நம் ஊர்க்கூட்டங்களில் எவரேனும் விளக்கினால் நன்று.

இனி நம்மால் ஆவது என்ன என்று வினவும் இளைஞர்களுக்கு ஒரு சிறு வேலை. பள்ளி வளாகத்தில், மரநிழலும் கூரையும் படாத வெட்டவெளியில் ஒரு மழைமானி வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், நீரை அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். வானிலையாளர் ஓர் இடத்தின் காலநிலையை 30 ஆண்டுச் சராசரியால் அறிகின்றனர். ஆகவே ஒரு வகுப்பு முடித்துச் செல்லும்போது அடுத்த வகுப்பிடம் ஏட்டை ஒப்படைக்கவேண்டும். மழையில்லாத நாளில் ‘சுழியம்’ என்று தவறாது எழுதுக. வெற்றிடமாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, எழுதுபவர் மறந்துவிட்டாரா என்பது பின்னால் படிப்பவர்க்குத் தெரியாது.