கடைமடை வயலும் கடல் கடந்த கல்லும்

சம்பா நடவுக்கு முன் நாகப்பட்டினம் வட்டாரத்தில் எந்த உரக்கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். "டி.ஏ.பி. வந்துவிட்டதா?" கீழ்வேளூரிலும் திருக்குவளையிலும் வேதாரண்யத்திலும் இதே கேள்வி. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்ற கவலை ஒரு பக்கம்; தண்ணீர் வந்த பிறகு அடியுரம் கிடைக்குமா என்ற கவலை மறு பக்கம்.

ஐம்பது கிலோ மூட்டை ஒன்றில் மணிச்சத்து 23 கிலோ இருக்கிறது. நெல்லுக்கு வேர் பிடிப்பதற்கும், தூர் கட்டுவதற்கும், மணி திரள்வதற்கும் அது வேண்டும். அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது? உரக்கடையிலிருந்து என்று சொல்லிவிடலாம். உண்மையில் அது கல்லிலிருந்து வருகிறது. பாஸ்பேட் என்னும் பாறையை வெட்டி, பொடித்து, கந்தக அமிலம் ஊற்றிக் கரைத்துச் செய்வதுதான் இந்த உரம்.

தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்து யூரியா செய்துவிடலாம். மணிச்சத்தை அப்படிச் செய்ய வழியில்லை. பூமியில் இருப்பதை எடுத்தால்தான் உண்டு. எடுத்தது தீர்ந்தால் மறுபடி விளையாது. அதற்கு மாற்றுப் பொருளும் கிடையாது. ஆகவே இது வெறும் உர வியாபார விஷயம் அல்ல, சோற்று விஷயம்.

பிறர் கையில் இருக்கும் சாவி

நம் நாட்டில் பாஸ்பேட் பாறை அதிகம் இல்லை. ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்டரா என்ற இடத்தில் 1968-இல் கண்டுபிடிக்கப்பட்ட சுரங்கமே பெரியது. மத்தியப் பிரதேசத்திலும் ஓரளவு உண்டு. தேவையில் பெரும் பகுதி, பாறையாகவோ அமிலமாகவோ முடிந்த உரமாகவோ, கப்பலில் வருகிறது. உலக இருப்பில் மிகப் பெரிய பங்கு மொராக்கோ நாட்டின் கையில் இருக்கிறது.

சாவி பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை 2021-ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு மூட்டை டி.ஏ.பி.யின் அசல் விலை 2,400 ரூபாய்க்கு ஏறியது. விவசாயிக்கு 1,200 ரூபாய்க்கே கிடைக்க வேண்டும் என்பதற்காக, மத்திய அரசாங்கம் மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சீனா உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. எங்கோ ஒரு துறைமுகத்தில் கதவு சாத்தப்பட்டால் நாகையில் நாற்று வாடுகிறது.

பெயரிலேயே ஊட்டம்

"நம் ஊரிலேயே வெட்டினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். கேட்பதற்கு இடமும் இருக்கிறது. திருச்சி ஜில்லாவில் பாடாலூருக்கு அருகே ஊட்டத்தூர் என்று ஓர் ஊர். பெயருக்கு ஏற்றாற்போல் அவ்வட்டாரத்துக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் புதைந்து கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் வார்த் என்பவர் இதைக் கண்டு சொன்னார். 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் இருக்கலாம் என்பது அக்காலத்துக் கணக்கு.

கணக்கு பெரிதுதான். ஆனால் உருண்டைகள் ஒரே அடுக்காக இல்லை. களிமண் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. கொஞ்சம் கல் எடுக்க ஏராளமான மண்ணைப் புரட்ட வேண்டும். அவற்றில் இரும்பும் அலுமினியமும் கலந்திருப்பதால் நல்ல சூப்பர் பாஸ்பேட் செய்வதும் சுலபமல்ல.

இன்னொன்றும் உண்டு. ஊட்டத்தூர், காரை பகுதி சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். நத்தை போல் சுருண்ட அம்மோனைட் முதலிய கடல் உயிர்கள் கல்லாகி அங்கே கிடக்கின்றன. உலகமெங்கிலுமிருந்து பூகர்ப்ப ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். மண்வெட்டி வைத்தால் உரக்கல்லோடு இந்தச் சரித்திரமும் போய்விடும்.

ஒரு தீவின் கதை

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் கடலில் நவுரு என்ற தீவு சாட்சி நிற்கிறது. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். 1907 முதல் அங்கிருந்து பாஸ்பேட் கப்பல் கப்பலாகப் போயிற்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புல்வெளி செழித்தது. தீவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் கூர்கூரான சுண்ணாம்புக் கம்பங்களாக மிஞ்சியது. 1968-இல் நவுரு சுதந்திரம் பெற்றது. பாழான நிலத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு 1989-இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1993-இல் ஆஸ்திரேலியா பணம் தர இசைந்து வழக்கு ராஜியாயிற்று. பணம் வந்தது, மண் வரவில்லை.

எப்பாவல சொன்ன பாடம்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல் வழி ஏறத்தாழ 60 கடல் மைல். 2023 அக்டோபரில் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. அக்கரையில் இறங்கித் தெற்கே போனால் அநுராதபுரம் ஜில்லாவில் எப்பாவல என்ற ஊர் வரும். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் வெட்டிய ஜய கங்கைக் கால்வாய் அவ்வழியாகத்தான் ஓடுகிறது.

அங்கே 1971-இல் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது. அரசு நிறுவனம் அளவாக வெட்டி வந்தது. 1990-களில் ஓர் அமெரிக்கக் கம்பெனி பெரும் அளவில் வெட்டி ஏற்றுமதி செய்வதற்கு ஒப்பந்தம் தயாராயிற்று. வயலும் வீடும் விகாரையும் அந்த எல்லைக்குள் இருந்தன. ஊர்க்காரர்கள் ஏழு பேர் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் விகாரையின் பிக்கு.

2000-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி நீதிபதி அமரசிங்க தீர்ப்புச் சொன்னார். பழைய வேகத்தில் எடுத்தால் பல தலைமுறைகளுக்கு வரும் கல், ஒப்பந்தப்படி எடுத்தால் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பதை நீதிமன்றம் கவனித்தது. வளம் இன்றுள்ளவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல, வருகிறவர்களுக்கும் உரியது என்பது தீர்ப்பின் சாரம். சுரங்கமே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கல் எவ்வளவு, எங்கே, என்ன தரம் என்பதை முதலில் முழுமையாக ஆராய வேண்டும். விஞ்ஞான அமைப்புகளைக் கலந்துகொள்ள வேண்டும். முடிவை ஜனங்கள் அறிய வெளியிட வேண்டும். சுற்றுப்புறத்துக்கு என்ன நேரும் என்பதைக் கணித்து அனுமதி பெற வேண்டும். அதன் பிறகே ஒப்பந்தம் என்றது. ஆராய்ச்சி முதலில், மண்வெட்டி பிறகு. அவ்வளவுதான்.

இந்தப் பாடம் காவிரிப் படுகைக்குப் புதியதும் அல்ல. நிலத்தைத் துளைப்பதா, காப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. அந்தச் சட்டத்தின் உணர்வு டெல்டாவின் எல்லையோடு நின்றுவிடக் கூடாது. நாகையின் வயலுக்காக ஊட்டத்தூரையோ ராஜஸ்தானத்தையோ பாழாக்குவதும் நியாயமாகாது.

வயலுக்கு அடியில் ஒரு சுரங்கம்

அப்படியானால் விவசாயி என்ன செய்வது? சும்மா இருப்பதா? இல்லை. அவன் வயலுக்கு அடியிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது.

யூரியாவைப் போல் மணிச்சத்து எளிதில் கரைந்து ஓடிவிடுவதில்லை. பயிர் எடுத்தது போக மீதி, சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு மண்ணிலேயே தங்குகிறது. ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக இட்ட வயல்களில் அது சேமிப்பாகக் கிடக்கும். நெல் வயலில் தண்ணீர் தேங்கும்போது அதில் ஒரு பகுதி விடுபட்டு வேருக்குக் கிடைக்கிறது. பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உரமும் கட்டுண்ட சத்தைக் கரைத்துக் கொடுக்கும். தக்கைப்பூண்டும் சணப்பும் கொளுஞ்சியும் விதைத்து மடக்கி உழுதால், அவை அழுகும்போது பிறக்கும் அமிலமும் அதே வேலையைச் செய்யும்.

அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து கிடை போடுகிறார்களே, அதுவும் மணிச்சத்துத்தான். மேய்ந்த புல்லில் இருந்த சத்து மறுபடி மண்ணுக்கே போகிறது. பெரியவர்கள் சாஸ்திரம் படித்துச் செய்யவில்லை, கண்டு செய்தார்கள்.

ஆனால் எந்த வயலில் சேமிப்பு இருக்கிறது, எதில் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மண்ணைப் பரிசோதித்தால்தான் தெரியும். இல்லாத வயலுக்கு உரம் இட்டே தீரவேண்டும். அதைக் குறைக்கச் சொல்வது அநியாயம். இருக்கிற வயலில் மேலும் கொட்டுவது வீண் செலவு. வாய்க்கால் வழியே போய்க் குளத்தில் பாசி வளர்க்கும்.

ஆகவே அரசாங்கத்தார் செய்ய வேண்டியவை தெளிவானவை. மண் பரிசோதனை முடிவு, மேட்டூர்த் தண்ணீருக்கு முன்னால் கடைமடை விவசாயி கையில் இருக்க வேண்டும். பசுந்தாள் விதை, நடவுக்குப் பின் அல்ல, முன்னால் வர வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தரம் குறைந்த பாறையைக் கரைத்துப் பயன்படுத்தும் ஆராய்ச்சியைப் பெருக்க வேண்டும். எங்கேனும் புதிய சுரங்கம் தோண்டுவதாக இருந்தால், ஆராய்ச்சி அறிக்கையை அவ்வூர்க் கிராம சபையில் தமிழிலேயே வைக்க வேண்டும்.

விதை நெல்லை எடுத்து உண்கிற வீடு உருப்படாது என்பது விவசாயிக்குத் தெரியும். பூமிக்கு அடியில் இருக்கும் பாஸ்பேட்டும் விதை நெல்தான். அதை அளந்து எடுப்பவர்களின் பேரப்பிள்ளைகளே நாளைக்கும் நாகையில் நெல் அறுப்பார்கள்.