நிற்க நேரமில்லாத நாய்

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்பது நம் பழமொழிகளுள் ஒன்று. வீணே அலையும் மனிதரைப் பழிப்பதற்கே இதனை நாம் கையாள்கிறோம். ஒருமுறையேனும் இதனை நாயைப் பற்றிய கூற்றாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம். வேலை இல்லை என்பது ஒரு செய்தி; நிற்க நேரம் இல்லை என்பது மற்றொன்று. பழமொழி இரண்டையும் உம்மை கொடுத்து அடுக்கி நிறுத்துகிறது. காரண காரியமாக வாசித்தால் பொருள் தெளியும் என்பது நம் கருத்து. வேலை இல்லை, ஆதலால்தான் அந்நாயால் நிற்க முடியவில்லை.

நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. வந்தவர்மேல் தாவுகிறது, செருப்பைக் குதறுகிறது, தெருவில் கயிற்றோடு நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, இரவில் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. 'அடங்காத நாய்' என்ற பட்டம் அதற்குக் கிடைக்கிறது. பட்டத்தைத் தொடர்ந்து சங்கிலி வருகிறது, சங்கிலிக்குப்பின் மொட்டைமாடி. கடைசியில் 'ஊர்ப்பக்கம் ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்' என்ற மங்கல வழக்கு. அந்தத் தோட்டம் பல நேரங்களில் ஏதோ ஒரு நெடுஞ்சாலையின் ஓரம்தான் என்பதை யாவரும் அறிவோம், கேட்பதில்லை. ஆகவே இது பொழுதுபோக்குப் பற்றிய பேச்சன்று. ஓர் உயிரின் இருப்பிடம் பற்றியது.

இந்த நாய்கள் யார்? சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரிசல் வெளிகளில் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. இராசபாளையம் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர்பெற்றது. இலாப்ரடாரின் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்து மீனவரோடு குளிர்நீரில் உழைத்தவை. அஸ்கியோ சைபீரியப் பனியில் வண்டி இழுத்தது. இவற்றின் தொழிலை நாம் எடுத்துவிட்டோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது; அது நியாயமே. ஆனால் சட்டம் வந்த மறுநாள் சிப்பிப்பாறையின் கால்கள் குறுகிவிடவில்லை. 2005இல் இராசபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது. 2020இல் பிரதமரின் வானொலி உரையில் நம் நாட்டு இனங்கள் பெயர் சொல்லிப் புகழப்பட்டன. பெருமை வளர்ந்தது, விலையும் வளர்ந்தது. அந்நாய் ஒரு நாளில் எவ்வளவு ஓட வேண்டும் என்ற அறிவுமட்டும் அவ்வளவாக வளரவில்லை.

எனவே முதல் மருந்து உழைப்பு. மலம் கழிக்க அழைத்துச்செல்லும் ஐந்து நிமிடம் நடையாகாது. இளமையும் உடல்நலமும் உள்ள வேட்டை இன நாய்க்குக் காலையும் மாலையும் நீண்ட நடை வேண்டும். வேலியடைத்த வெளி கிடைத்தால் ஓட்டமும் வேண்டும். நம் ஊர் வெயிலை இங்கே மறக்கலாகாது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே நடை. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள்; சில நொடி பொறுக்க இயலாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. எலும்பு முதிராத குட்டிகளை நெடுந்தூரம் ஓட்டுவதும் தவறு. திடீரென ஒரு நாய் அமைதியிழந்தால் பயிற்றுநரை நாடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம். வலியும் அரிப்பும்கூட நிலைகொள்ளாமையாக வெளிப்படும்.

'நன்றாக ஓடவிடுங்கள், களைத்து அடங்கிவிடும்' என்று பலரும் கூறும் அறிவுரை பாதி உண்மை. நாள்தோறும் பந்தை எறிந்து எறிந்து ஓடவைத்தால் உடல் பழகும். நேற்று இருபது முறையில் களைத்த நாய் அடுத்த மாதம் ஐம்பது முறை கேட்கும். நாம் உருவாக்கியது அமைதியான நாயை அன்று, தேர்ந்த ஓட்டக்காரனை. உடலைக் காட்டிலும் மூக்கைக் களைப்புறச் செய்வது எளிது. நடையின்போது ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்துபார்க்க விடுங்கள். அதற்கு அதுவே நாளிதழ். ஒருவேளை உணவைத் தட்டில் இடாமல் வீட்டின் மூலைகளில் சிறுசிறு பகுதியாக ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். வேட்டையின் வடிவம் அதில் எஞ்சியிருக்கிறது, முயலுக்குத்தான் கேடில்லை. உறக்கமும் உழைப்பைப் போன்றே தேவை. வளர்ந்த நாய் நாளில் ஏறத்தாழப் பாதியை உறங்கிக் கழிக்கும். குட்டிக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். மாலையில் வெறிபிடித்தாற்போல் ஓடிக் கடிக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டியே.

எஞ்சிய பாதிக்கு இலக்கணத்தின் துணையை நாடுவோம். 'அடங்கு' என்பது தன்வினை, 'அடக்கு' என்பது பிறவினை. நாம் நாயிடம் விரும்புவது முதலாவதை, செய்வதோ இரண்டாவதை. அடங்குவது நாய் தானே செய்யவேண்டிய செயல். நாம் செய்யக்கூடியது பழக்குதல் ஒன்றே. நிற்பதும் ஒரு திறன். ஓட்டத்தைப்போல அது பிறவியிலேயே வருவதன்று, கற்பிக்கப்பட வேண்டியது. விலங்கு மருத்துவர் கேரன் ஓவரால் வகுத்த இளைப்பாறல் பயிற்சி முறை இந்த அடிப்படையில் அமைந்ததே. ஒரு பாயை விரித்து அதில் நாயை உட்காரவைத்து, மூன்று நொடி இருந்தால் ஒரு சிறு தின்பண்டம். பிறகு ஐந்து, பத்து நொடி. பிறகு நாம் ஓரடி விலகுவோம், கைதட்டுவோம், அறைக்கு வெளியே போய் வருவோம், வாயில் மணியை அடிப்போம். ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக உலகத்தின் ஆரவாரத்தைக் கூட்டிக்கொண்டே போக, அமைதியே ஊதியம் தரும் வேலையாகிறது. நாய்க்கு இழந்த வேலைக்கு ஈடாக ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

இதற்கு வீட்டார் அனைவரும் ஒருமனப்பட வேண்டும். தாவும் நாயைத் தந்தை அதட்டுகிறார், தாய் தள்ளுகிறார், பிள்ளை கொஞ்சுகிறது. மூன்றும் நாய்க்குக் கவனிப்பே. பத்தில் ஒருமுறை கொஞ்சல் கிடைத்தாலும் தாவுவது வலுப்படும். சூதாட்டத்தில் மனிதன் சிக்குவதும் இவ்வாறே. நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டுமே அன்பு என்பது விதியானால், தாவுதல் சில நாள் முன்னிலும் மிகுந்து, பின் மெல்ல ஓயும். அந்தச் சில நாளில் மனம் தளர்கிறவர்களே மிகுதி. கயிற்றை இழுத்தால் நாம் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடை தொடரும். சொல்லிலும் ஒருமை வேண்டும். 'வா', 'வாடா', 'இங்கே வா', 'வந்துடு' என ஒருபொருட் பன்மொழி கவிதைக்கு அழகாகலாம், கட்டளைக்கு ஆகாது. வெள்ளை இராசபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. அதட்டலுக்குப் பணியவில்லை என்று அடிபடும் நாய்க்குக் காதே கேட்காதிருக்கலாம். அவற்றுக்குக் கையசைவே மொழி.

அடி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆள்கிறான், ஆதலால் நாயிடமும் நாம் தலைமையை நிலைநாட்ட வேண்டும் என்பார் உளர். அக்கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலால் பரப்பியவருள் முதன்மையான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதித் திருத்திக்கொண்டார். ஆசிரியரே கைவிட்ட பாடத்தை நாம் பிரம்போடு நடத்திக்கொண்டிருக்கிறோம். ஆயுதம் எறிந்தவனிடமும் அன்பு காட்டும் விலங்கு என்று நாயை நாலடியார் போற்றுகிறது. நட்புக்கு அது சிறந்த உவமை. ஆனால் பொறுத்துக்கொள்கிறது என்பதனால் எறியலாம் என்றாகாது. அடிபட்ட நாய் அமைதியடைவதில்லை, அஞ்சி ஒடுங்குகிறது. ஒடுக்கத்தை அடக்கமென மயங்குகிற பிழை வகுப்பறைகளிலும் உண்டு. கல்லூரியில் பாடம் சொல்லும் எமக்கு அந்த வேறுபாடு நன்கு தெரியும்.

இவையெல்லாம் கருணைப் பேச்சு மட்டுமல்ல. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, வழக்கமாகக் கட்டிவைத்தோ அடைத்துவைத்தோ வளர்க்கும் நாய்க்குத் தகுந்த உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதைக் குற்றம் என்றே கூறுகிறது. முதல்முறைக் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் தொகை. ஆறு தலைமுறை நாய்களேனும் சங்கிலியில் பிறந்து சங்கிலியில் மறைந்திருக்கும் காலத்தை அந்தத் தொகையால் அளந்திருக்கிறோம்.

'வேலைக்குப் போகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. நேரமில்லாதவர் வேட்டை நாயை வாங்காதிருப்பதே நேர்மையான விடை. குட்டியின் அழகைப் பார்த்தல்ல, நம் நாள் எவ்வாறு கழிகிறது என்பதைப் பார்த்தே நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயல்பு தெரிந்த, வயது முதிர்ந்த நாட்டு நாய் ஒன்று காப்பகத்தில் காத்திருக்கும். அதற்குச் சிறு வீடும் மாலை நடையும் போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நாளைக் காலை ஒருமணி நேரம் முன்னதாக எழுவதிலிருந்து தொடங்கலாம். நாய்க்கு நிற்க நேரம் வேண்டுமென்றால், அதை முதலில் ஒதுக்கவேண்டியவர்கள் நாம்.