கட்டு அவிழ்க்கும் காலை

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்ணில் பூ விழுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் ஆறு பேருக்குப் பார்வை போனது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அழற்சி தணிய விடும் பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. அது குஜராத்தில் தயாரான மருந்து. கொழும்பு கண் வைத்தியசாலையிலும் நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். நுவரெலியாவின் ஆறு பேரும் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

பிறகு தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரம் வெடித்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2இல் கைதானார். முதற்பக்கங்கள் எல்லாம் அவருக்கே போயின. நுவரெலியாக்காரர்கள் 'ஆறு பேர்' என்ற எண்ணோடு நின்றுவிட்டார்கள்.

அந்த ஆறு பேரின் கதையை ஒரு தொலைக்காட்சி நாடகமாக எடுக்க வேண்டும் என்கிறேன். ஈழப்போர் ஆவணப்படத்தால் நமக்கு நன்றாகத் தெரிந்த சனல் 4, 2019இல் 'த கியூர்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் வைத்தியசாலையில் 2007இல் தாயைப் பறிகொடுத்த ஜூலி பெய்லியின் உண்மைக் கதை அது. சிற்றுண்டிச்சாலை நடத்தியவர் அவர். தன்னைப்போல் உறவுகளை இழந்தவர்களை அங்கேயே கூட்டிப் போராடினார். அந்த வைத்தியசாலை பற்றி 2013இல் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. அதை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாடகமோ பார்ப்பவரைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டது.

நம் கட்டிலருகே என்ன நடக்கிறது? சில வருடங்களுக்கு முன், மலையகத்தில் ஒரு கிளினிக் வாசலில் கண்டது இது. விடிகாலை முதல் பஸ்ஸில், அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து வந்திருந்தார் ஒரு அம்மாயி. கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கொடுத்த மருந்துப் போத்தலைப் பேரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. "என்னா மருந்துன்னு கேட்டீங்களா அம்மாயி?" என்றான். "டாக்டர் ஐயா குடுத்தது, நம்ம என்னத்த கேக்குறது" என்றார் அவர். அந்த நம்பிக்கையைத்தான் நாடகம் காட்ட வேண்டும்.

வெள்ளைக் கோட்டு போட்டவரை வில்லனாக்கிவிட்டால் கதை பாழ். கெட்ட மருந்து கட்டில் வரை வர எத்தனையோ மேசைகளைத் தாண்ட வேண்டும். மருந்தின் தரத்தை உறுதிசெய்வதற்கென்றே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைந்தது. அந்த மேசைகளில் யார் கையெழுத்திட்டார்கள், யார் பார்க்காமல் விட்டார்கள் என்று கமெரா போகட்டும்.

தோட்டத்துத் தமிழை வேலைக்காரர் வேடத்துக்கும் சிரிப்புக்கும் மட்டும் வைத்திருக்கும் வழக்கமும் இத்தோடு ஒழியட்டும். கண்ணில் புகை படிந்தால் கொழுந்து தெரியாது, மலைச் சரிவில் கால் வைக்கும் இடமும் தெரியாது. பார்வை திரும்பும் என்று எவ்வளவு ஆசையோடு ஒருவர் அந்தக் கட்டிலில் படுத்திருப்பார் என்பதை அந்தத் தமிழில்தான் சொல்ல முடியும்.

முதல் காட்சி, கட்டு அவிழ்க்கும் காலையாக இருக்கட்டும். தாதி விரல்களை நீட்டி, "எத்தனை?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்பதையும் காட்டுங்கள்.