ஆறு திங்களும் ஆறாத புண்ணும்

முழுநிலா இரவில் திருவண்ணாமலை 14 கிலோமீட்டர் நீளத்திற்கு விழித்திருக்கிறது. மலையை வலம்வரும் மக்களை நம்பிப் பூக்கட்டும் பெண்டிரும், இளநீர் வெட்டும் இளைஞரும், ஆட்டோ ஓட்டுவோரும் பிழைக்கின்றனர். அம்மக்களை ஏற்றிவரும் பேருந்துகளும் வேன்களும் செங்கம் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் விரைகின்றன. 2023 அக்டோபர்த் திங்களில் செங்கத்தையடுத்து நிகழ்ந்த இரு விபத்துகள் குடித்த உயிர்களை நாடு மறந்திராது. மாண்டவர்க்கு இரங்கலுண்டு, ஏடுகளில் இடமுண்டு. ஆனால், கால் முறிந்தும் கை இழந்தும் உயிரோடு மீண்டவன் கதி என்ன?

அவனுக்கென 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. அது தரும் இழப்பீடு பிச்சையன்று, உரிமை. அந்த உரிமையை அளப்பது எப்படி? ஒரு கையின் விலை என்ன?

2010இல், இராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் விடை கூறிற்று. இடக்கை இழந்தவனுக்கு ஊனம் நூற்றுக்கு அறுபது என மருத்துவம் கணக்கிடலாம். இழந்தவன் தச்சனாயின், ஓட்டுநனாயின், போனது அறுபதன்று, ஏறத்தாழ நூறு! அரசு அலுவலக எழுத்தனாயின் வேலை போகாமலும் இருக்கலாம். எனவே, உடலின் ஊனத்தோடு நில்லாமல் உழைப்பின் இழப்பையும் பார்க்க வேண்டும் என்றது மன்றம். பூக்கட்டுபவளின் இரு விரல்கள் மருத்துவர் கணக்கில் சிறு எண். அவள் வீட்டு உலைக்கோ அவையே அரிசி!

நல்ல தீர்ப்பு. ஆனால், அதன் பயன் பெற வாயிற்படி ஏற வேண்டுமே! அங்கேதான் பூட்டுத் தொங்குகிறது. விபத்து நிகழ்ந்த ஆறு திங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது 166ஆம் பிரிவு.

இந்தப் பூட்டின் வரலாறு விந்தையானது. 1988இல் ஆறு திங்கள் வரம்பு இருந்தது. தக்க காரணம் காட்டினால் ஓராண்டுவரை பொறுத்துக்கொள்ள வழியும் இருந்தது. 1994இல் நாடாளுமன்றமே வரம்பை அகற்றியது. 2019இல் அதே நாடாளுமன்றம் அதை மீண்டும் நட்டது. பொறுத்துக்கொள்ளும் வழியையும் விட்டுவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

மனுவை முன்னரே கொடுத்துவிட்டுச் சான்றுகளைப் பின்னர்த் தரலாமே என்பர். தரலாம். வழக்கறிஞரை அறிந்தவன் தருவான். கட்டிலில் கிடப்பவன், கடன் வாங்கி மருந்துண்பவன், சட்டமொன்று இருப்பதையே அறியாதவன் என் செய்வான்? கொடுத்த கடனைக் கேட்க மூன்றாண்டு தவணை தருகிறது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். காசு கொடுத்தவனுக்கு மூன்றாண்டு. கால் கொடுத்தவனுக்கு ஆறு திங்களா?

இவ்வரம்பை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. காலங்கடந்ததென்று மனுக்களைத் தள்ளலாகாது என 2025 நவம்பரில் இடைக்கால ஆணை பிறந்தது. மகிழ்கிறோம். ஆனால், இடைக்கால ஆணை குடைதான், கூரையன்று.

தோழர்களே! கூரை வரும்வரை நாம் கைகட்டி நிற்கலாமா? 159ஆம் பிரிவு, காவல்துறை மூன்று திங்களுக்குள் விபத்தறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அவ்வறிக்கையையே மனுவாகக் கொள்ள வேண்டும் என்கிறது 166ஆம் பிரிவு. ஆகவே, அடிபட்டவரைப் பழங்களோடு பார்த்துத் திரும்புவதோடு நில்லாதீர். காவல்நிலையம் சென்று, அறிக்கை போயிற்றா எனக் கேளுங்கள். மருத்துவச் சீட்டும் மருந்துக்கடை இரசீதும் காக்கச் சொல்லுங்கள். கிரிவலம் வந்து அடிபட்ட வெளியூரார் தம் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே வழக்கிடலாம் என்பதை எடுத்துரையுங்கள். ஓட்டியவன் பிழையை மெய்ப்பிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சம் ரூபாய் கேட்க 164ஆம் பிரிவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அறிவிப்பது நம் கடமை. அகற்றுவது நாடாளுமன்றத்தின் கடமை. 1994இல் அகற்ற முடிந்ததை இன்று அகற்ற முடியாதா? ஆறு திங்களில் ஆறாத புண்ணுக்கு, ஆறு திங்களில் அடைபடும் கதவு எதற்கு?